மிலானில் தம்பி காட்டிய இடங்கள்

மிலானுக்குப் போவதற்கு முன் கொழும்பில் ஒரு வழிகாட்டிப் புத்தகம் வாங்கி, பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். மல்பென்சா விமான நிலையத்துக்கு என்னை அழைத்துப் போக வந்த தம்பி அதைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"இதில போட்டிருக்கிற ஹோட்டல்ல ரெண்டுல நான் கோப்பை கழுவியிருக்கன், நானா."

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு கசப்பு இருந்தது. அவன் இத்தாலிக்குப் போன மூன்றாம் வருடம் வாப்பா மௌத்தானார். அவன் வரவில்லை. அப்போது அவனிடம் வதிவிட அனுமதி இருக்கவில்லை. வந்தால் திரும்பிப் போக முடியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மனம் ஏற்கவில்லை.

நகரத்துக்குள் போக ரயில்தான் வசதி, ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். மறுநாள் காலையில் கோப்பிக் கடையில் நான் கதிரையைத் தேடியபோது தம்பி கையைப் பிடித்து இழுத்தான். "இருந்து குடிச்சா காசு கூட. நின்டு குடிங்க." அங்கே எல்லாரும் நின்றபடி இரண்டு மிடறில் குடித்துவிட்டுப் போகிறார்கள். மஞ்சள் நிறத்தில் குங்குமப்பூ மணக்கும் மிலான் ரிசொட்டோவைக் கண்டு எனக்கு எங்கள் வீட்டு நெய்ச்சோறு நினைவு வந்தது. அதில் வெள்ளை வைன் ஊற்றுவது வழக்கம் என்று அவன் தடுத்தான். நம்மவர்கள் கேட்டுச் சாப்பிடுவது நல்லது.

நவநாகரிக உடைகளுக்குப் பேர்போன மொன்தே நபொலியோனே வீதியை அரை மணித்தியாலத்தில் பார்த்து முடித்துவிடலாம். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த ஒரு சட்டையின் விலையை நான் ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன். பிறகு பெருக்குவதை விட்டுவிட்டேன். கண்ணாடிக் கூரை போட்ட கல்லெரியா அங்காடி அப்படியல்ல, அங்கே மேலே பார்த்துக்கொண்டே நிற்கலாம். அதைக் கட்டிய கலைஞர் மென்கோனி, வேலை முடியும் தறுவாயில், 1877 டிசம்பரில், அதன் உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். தரையிலுள்ள காளையின் மேல் குதிகாலை வைத்துச் சுழன்றால் அதிர்ஷ்டமாம். சுழன்று சுழன்று அவ்விடத்தில் பள்ளமே விழுந்திருக்கிறது.

பக்கத்தில்தான் துவோமோ என்னும் பேராலயம். 1386இல் கட்டத் தொடங்கியது. அதற்கான பளிங்குக் கல்லை ஏரி, ஆறு, கால்வாய் வழியாகப் படகில் கொண்டுவந்திருக்கிறார்கள். போகிறவர்கள் தோளும் முழங்காலும் மூடிய உடையோடு போகவேண்டும். கூரைக்கும் ஏறலாம். லிஃப்டைவிடப் படிக்கட்டுக்குக் கட்டணம் குறைவு. மேலே, ஊசிக் கோபுரங்களுக்கு நடுவே நின்றபோது தம்பி சொன்னான்: "இவ்வளவு காலமும் நான் இங்க ஏறினதில்ல. கீழால வேலைக்குப் போற மட்டும்தான்." அவனுக்கு மூச்சு வாங்கியது. தலையில் நரையை அப்போதுதான் கவனித்தேன்.

டாவின்சியின் 'இறுதி இராப்போசனம்' எங்களுக்குக் கிடைக்கவில்லை. பல வாரங்களுக்கு முன்பே டிக்கட் பதியவேண்டும். பார்க்கக் கிடைப்பதும் 15 நிமிடம்தான். 1943 ஓகஸ்டில் குண்டு விழுந்து அந்த மண்டபமே இடிந்தபோதும், மணல் மூட்டை அடுக்கியிருந்த அந்தச் சுவர் தப்பியதாம். நான் முன்யோசனையில்லாமல் போனதுபோல் நீங்கள் போகாதீர்கள்.

அந்த ஏமாற்றத்தோடுதான் ஸ்போர்ஸா கோட்டைக்குப் போனோம். முற்றங்களுக்குக் கட்டணமில்லை, அருங்காட்சியகத்துக்கு டிக்கட் வேண்டும். அங்கே, பழைய ஸ்பானிய வைத்தியசாலைக் கட்டடத்தில், மைக்கலாஞ்சலோவின் கடைசிச் சிற்பம் தனியாக நிற்கிறது. 1564இல், 88 வயதில், இறப்பதற்குச் சில நாட்கள் முன்வரை அதைச் செதுக்கினாராம். முடிக்கவில்லை. நுழையும்போது அதன் முதுகுதான் தெரியும், சுற்றித்தான் முன்னால் வரவேண்டும். இறந்த மகனின் உடலை மர்யம் பின்னாலிருந்து தாங்குகிறார். யார் யாரைத் தாங்குகிறார்கள் என்றே தெரியாதபடி இரண்டு உருவங்களும் ஒன்றாய்க் கிடக்கின்றன. பக்கத்தில் முந்திய முயற்சியில் மிஞ்சிய ஒரு கை மட்டும் தனியாக நிற்கிறது.

தம்பி வெகுநேரம் பேசவில்லை. பிறகு சிற்பத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்.

"வாப்பாவக் குளிப்பாட்டக்கொள தலைப்பக்கம் யாரு பிடிச்ச, நானா?"

"நான்தான்."

"கால்மாட்டுல?"

பெரியவாப்பாவின் மகன் என்றேன். அது அவன் நிற்கவேண்டிய இடம். இருவருக்கும் அது தெரியும்.

வெளியே வந்து முதலாம் இலக்க ட்ராமில் ஏறினோம். 1928 மாதிரிப் பழைய ட்ராம்கள் இன்னும் ஓடுகின்றன; மரப் பலகை ஆசனம். மிலானைப் பார்க்க அதைவிட மலிவான வழியில்லை என்று தம்பி சொல்லியிருந்தான். நான் ஜன்னலால் பார்க்கவில்லை. வாப்பாவின் கடைசி வாரத்தை, மருந்துக் குளிசை முதல் கபுறடி வரை, சொல்லிக்கொண்டே போனேன். நாங்கள் இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போனது. தம்பி மணியை அமத்தவில்லை.