தனி ஆவர்த்தனமும் தனி உணர்வும்

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காபிக்கு எழுந்து போகும் வழக்கத்தை நெய்வேலிக் கச்சேரிகளிலும் நாங்கள் கண்டிருக்கிறோம். பாட்டு நின்றால் இசையும் நின்றுவிடுகிறது என்னும் எண்ணம் அதில் ஒளிந்திருக்கிறது. மிருதங்க வித்வான் காரைக்குடி மணி (1945–2023) அதை ஏற்கவில்லை. ‘ஸ்ருதி லயா’ குழுவின் வழியே தாளத்தையே கச்சேரியின் நடுவில் அமர்த்தினார்.

அவருடைய பதிவுகளை நண்பர்கள் கூடிக் கேட்கும்போது முதலில் காலப்பிரமாணத்தைக் கவனிக்கிறோம். ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களும் எடுத்த காலத்திலேயே நிற்கின்றன. ஓர் அட்சரத்துக்குள் நான்காக விழுந்த சொற்கள் திஸ்ரத்தில் மூன்றாகவும் கண்டத்தில் ஐந்தாகவும் மாறுகையில், வேகமே மாறியதாகக் காது மயங்குகிறது. சுருதியும் அசைவதில்லை, வலந்தலை ஆதார ஷட்ஜத்தோடு சேர்ந்தே ஒலிக்கிறது. தொப்பியில் எழும் கும்கி மட்டும் குழைந்து ஏறி இறங்குகிறது.

ராகமில்லை, சாகித்தியமில்லை. ஆயினும் சொற்கள் அடரும்போது ஒரு பதற்றமும், ஒரு கும்கிக்குப் பின் விடப்படும் கார்வையில் ஆழ்ந்த அமைதியும் வந்து சேர்கின்றன.

மூன்று ஷிப்டுகளிலும் சுரங்கத்தில் பக்கெட் வீல் சுழலும் ஊர் எங்களுடையது; சீரான ஓட்டம் எங்களுக்குப் புதிதன்று. ஆனால் அந்தச் சக்கரம் எதற்காகவும் காத்திருப்பதில்லை. மிருதங்கம் காத்திருக்கிறது. கோர்வை மும்முறை சுழன்று எடுப்பில் வந்து இறங்கும்வரை நாமும் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கிறோம். காபிக்கு எழுந்தவர்கள் தவறவிடுவது அந்தக் காத்திருப்பைத்தான்.