குஞ்சியப்பாவின் ஜீப்

வண்டிக்குப் பெரிய சக்கரம் பூட்டிவிட்டால் அதன் இழுவையும் கூடவே பெருகிவிடும் என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். உண்மை இதற்கு நேர்மாறானது. துலாமிதித்து நீரிறைத்த யாழ்ப்பாணத்தார்க்கு இதனை விளக்குதல் கடினமன்று. வாளி தொங்கும் பக்கத்தில் துலா நீள நீள மிதிப்பவன் பாடு கூடுமல்லவா? அச்சுக்கும் நிலத்துக்கும் இடையே சக்கரத்தின் அரைவிட்டம் நீண்டால் எந்திரத்தின் பாடும் அவ்வாறே.

இதனை நான் கற்றது பள்ளிக்கூடத்திலன்று. கரம்பொன்னில், என் குஞ்சியப்பாவின் ஜீப்பிலேயே. 1990 இல் ஊரைவிட்டுப் பெயர்ந்த எங்கள் குடும்பத்தில் முதலில் திரும்பிவந்து வீட்டைத் திருத்தியவர் அவர். வந்த கையோடு ஒரு பழைய வில்லிஸ் ஜீப்பையும் வாங்கினார். இரண்டாம் உலகப் போருக்கென்று அமெரிக்காவிற் செய்யப்பட்ட இனம். 60 குதிரைவலு எந்திரம். மாட்டுக்குப் புல்லேற்றவே வாங்கினார். ஆனால், மாரி பிறந்ததும் ஓட்டோக்கள் இறங்க மறுக்கும் ஒழுங்கைகளிலிருந்து நோயாளரைத் தார்வீதிவரை கொண்டுவந்து சேர்ப்பதும் அவர் தலையிலேயே விழுந்தது.

ஒரு மார்கழி இரவு, பிள்ளைப்பேற்று நோவோடிருந்த ஒரு பெண்ணை ஏற்றிவந்த ஜீப் தரவையில் அச்சு முட்டப் புதைந்துவிட்டது. நால்வர் அவளைக் கதிரையில் இருத்தித் தூக்கிக்கொண்டு சேற்றிலே அரை மைல் நடந்தனர். தாயும் சேயும் நலமே. குஞ்சியப்பாவுக்குத்தான் அன்றோடு உறக்கம் போயிற்று.

தை பிறந்ததும் பெரிய ரயர் வாங்கினார். அந்த ஜீப்புக்கு உரியது 6.00–16, உயரம் ஏறத்தாழ 29 அங்குலம். இவர் பூட்டியது 7.50–16, அது 32 அங்குலத்தை எட்டும். அகன்ற ரயருக்கு அகன்ற றிம்மும் வேண்டியதாயிற்று. அச்சு ஒன்றரை அங்குலம் உயர்ந்தது. காற்றை 15 இறாத்தலுக்கு இறக்கியபோது ரயர் பரந்து படிந்து, ஈரத் தரவையிலும் புதையாது சென்றது. ஆனால் பண்ணைப் பாலத்தில் வாடைக்காற்று எதிர்த்தடித்தால் மேல் கியர் தாங்கவில்லை. பாரமேற்றிப் புறப்படும்போதெல்லாம் கிளச் கருகி மணத்தது. வேகமானி 40 மைல் என்று காட்டும்போது வண்டி 44 மைல் ஓடிற்று.

கராச்சுக்காரர் ஜீப்பைப் பார்த்ததுமே சொன்னார்: “அண்ணை, காலை மாத்தினியள், பல்லை மாத்தேல்லையே!”

அவர் சொன்ன பல், அச்சின் நடுவேயுள்ள உருண்டைப் பெட்டிக்குள் இருப்பது. அங்கே 8 பற்கொண்ட பினியன், 39 பற்கொண்ட கிரவுண் வீலைச் சுழற்றுகிறது. ஆகவே சக்கரம் ஒருமுறை சுழலப் பினியன் ஏறத்தாழ 4.88 முறை சுழலவேண்டும். போருக்குப்பின் பொதுமக்களுக்கென்று வந்த ஜீப்பிலோ கிரவுண் வீலுக்கு 43 பல், விகிதம் 5.38. ரயர் பத்தில் ஒரு பங்கு பெருத்தது. இந்த விகிதமும் பத்தில் ஒரு பங்கு பெரியது. கணக்கு இவ்வளவு நேர்த்தியாகப் பொருந்துவது அபூர்வம். வேகமானிக்கு வேண்டிய சுழற்சி கியர்ப்பெட்டிப் பக்கத்திலிருந்தே கிடைப்பதால் அதுவும் தானாகவே திருந்திவிடும்.

இங்கேதான் வழக்கு எழுந்தது. இரண்டு அச்சுக்கும் பல் வாங்கக் குஞ்சியப்பாவிடம் காசில்லை.

“பின்னச்சை மட்டும் மாத்துவம் தம்பி. முன்னச்சு எப்பவோ ஒருநாள்தானே பூட்டுறது.”

“அந்த ஒருநாளுக்குத்தானே அண்ணை நீங்கள் ஜீப் வைச்சிருக்கிறியள்?”

குஞ்சியப்பா வாயடைத்துப்போனார். நாலு சக்கரமும் ஒன்றாக இழுக்கும்போது இரண்டு அச்சுக்கும் ஒரே சுழற்சிதான் செல்லும். பல் வேறுபட்டால், பின்சக்கரம் பத்து முறை சுழலும் வேளையில் முன்சக்கரம் பதினொரு முறை சுழல முயலும். ஒன்றை ஒன்று இழுத்துப் பறிக்கும் அச்சண்டையில் ரயர் தேயும். கடைசியில் பல்லோ தண்டோ முறியும். முறிவது எங்கே? தரவை நடுவிலே, ஆளை ஏற்றியிருக்கும்போதுதான்.

அந்தப் போகத்துப் புகையிலை விற்கும்வரை ஜீப் பனங்குற்றிகளின்மேல் கிடந்தது. வேலை தொடங்கியபோது கூட இருந்து பார்த்தேன். எடுத்துப் பூட்டிவிடுகிற வேலையன்று அது. பல்லில் வண்ணக்களிம்பு பூசி, உருட்டி, களிம்பு அழிந்த அடையாளம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்ப்பார். நுனியில் விழுந்தாலும் அடியில் விழுந்தாலும் கழற்றி, தாள்போன்ற தகடொன்றை இடுவார் அல்லது எடுப்பார். பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி ஓரங்குலத்தின் ஆயிரத்தில் 5, 6 பங்கே இருக்கலாம். தவறினால் ஓடும்போது ஊளையிடும். சில மாதத்தில் பல் உதிரும். முன்னச்சுக்கு மாத்திரம் இரண்டு பகல் சென்றன. இத்தகைய பொறுமையுடையோரை நம்மவர் வெறும் கராச்சுக்காரர் என்று கூறிக் கடந்துபோவது எனக்கு உடன்பாடன்று.

பிறகு ஜீப் பழைய இழுவையோடு புறப்பட்டது. ரயர் வில்லில் உரசாதிருக்க ஸ்ரியறிங்கின் திருப்பத்தைச் சற்றுக் குறைத்ததனால், ஒழுங்கை முடக்குகளில் மட்டும் ஒருமுறை பின்னுக்கெடுத்துத் திரும்பவேண்டியிருந்தது. பல்லை மாற்றித் திருத்தமுடியாத குறையொன்றும் எஞ்சிற்று: பிரேக். 9 அங்குலப் பழைய பிரேக், உயர்ந்துவிட்ட ரயரை நிறுத்த முன்னிலும் சிரமப்பட்டது. கராச்சுக்காரர் சில்லுக்குச் சில்லு கழற்றிப் புதிய லைனிங் அடித்துக் கொடுத்தார். அப்படியிருந்தும், ஆளேற்றினால் 30 மைலுக்குமேல் ஓடுவதில்லையென்று குஞ்சியப்பா தமக்குத் தாமே ஒரு சட்டம் வகுத்துக்கொண்டார். அடுத்த மாரியில் ஏழுமுறை தரவை கடந்தார். ஒருமுறையேனும் எவரும் இறங்கித் தள்ளவில்லை.