நாள் முழுக்க என்னதான் செய்றீங்க?

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து மகன் போனில் கேட்டான். "தனியா அங்க நாள் முழுக்க என்னதாம்பா செய்றீங்க? இங்க வந்துடுங்களேன்."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "பேப்பர் படிக்கிறேன், செடிக்குத் தண்ணி விடறேன், ஜாஸ் கேக்கறேன்" என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே அது சப்பென்று இருந்தது. போனை வைத்தபின்தான் சொல்ல வேண்டியது நிறைய இருப்பதாகப் பட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பேப்பர். 1972-ல் தந்தி இலாகாவில் சேர்ந்தவன் நான். அந்தக் காலத்தில் வெளியூர்ப் பத்திரிகைகளின் நிருபர்கள் செய்தியை எழுதி எடுத்துக்கொண்டு ராத்திரியில் எங்கள் கவுண்டருக்குத்தான் வருவார்கள். பத்திரிகைத் தந்திக்குச் சலுகைக் கட்டணம். நாளைக்கு ஊர் படிக்கப்போவதை நான் இன்றைக்கே படித்துவிடுவேன். யார் நேரில் போய்ப் பார்த்து எழுதுகிறார், யார் டீக்கடையில் கேட்டதை எழுதுகிறார் என்பது பத்து வரியில் தெரிந்துவிடும்.

1977 நவம்பரில் நம் திருச்சியைப் புரட்டிப்போட்ட வெள்ளம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வெள்ளம் வடிந்த சமயம், ஒரு நிருபர் இரவு வந்து தாளை நீட்டினார். நான் வார்த்தைகளை எண்ண ஆரம்பித்தேன். "கொஞ்சம் இருங்க" என்று திரும்ப வாங்கிக்கொண்டு போனவர், முக்கால் மணி நேரம் கழித்து, முழங்கால் வரை சேற்றோடு வந்தார். ஒரு தெருவில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணை அடித்துவிட்டு, அதைவிடக் குறைவாக எழுதியிருந்தார். "எண்ணிக்கை குறைஞ்சா செய்தியும் சின்னதாயிடுமே சார்" என்றேன் வேடிக்கையாக. "உயிரோட இருக்கிறவனைச் சாகடிக்க நான் யாருங்க?" என்றார். நல்ல பத்திரிகைத் தொழில் எது என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்கு அந்தச் சேற்றுக் கால்தான் ஞாபகம் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 90-களின் தொடக்கத்தில் ஆபீஸ் வேலையாக அடிக்கடி புதுக்கோட்டைக்குப் போய்வருவேன். 50 கிலோமீட்டர் சொச்சம்தானே. பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தால் பெண்கள் வரிசையாக சைக்கிளில் போவார்கள். நானும் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டேன். பிறகு பி. சாய்நாத் எழுதியதைப் படித்தேன். அவர் இந்தியாவின் மிக ஏழை மாவட்டங்களில் சுற்றி எழுதியவை 1996-ல் புத்தகமாகவும் வந்தன. அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட பெண்கள், பஸ்ஸுக்கும் ஆண் துணைக்கும் காத்திராமல் தண்ணீர் எடுக்கவும் விளைந்ததை விற்கவும் தாங்களே போனதை அவர் எழுதியிருந்தார். நான் பார்த்த அதே பெண்கள்தான். அவர் நின்று பேசினார், நான் பஸ்ஸில் கடந்து போனேன்.

அதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "எனக்கும் சின்ன வயசுல சைக்கிள் ஓட்டணும்னு ஆசைங்க. யாரும் விடலை" என்றாள். கல்யாணமாகி 20 வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அது எனக்குத் தெரியும்.

அடுத்தது ஜாஸ். திருச்சிக்காரனுக்கு ஜாஸ் எங்கிருந்து வந்தது என்று சிரிக்காதீர்கள். சிற்றலையில் வந்தது. நைட் ட்யூட்டி முடிந்து தூக்கம் வராத நேரத்தில் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தபோது வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கானோவர் அகப்பட்டார். கனத்த குரல். ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுவார், ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவனுக்கும் புரியும். 1955-ல் தொடங்கி 1996-ல் இறக்கும்வரை அவர் அந்த வேலையைச் செய்தார். அந்த வானொலி வெளிநாடுகளுக்கானது என்பதால் அவர் பெயர் அமெரிக்காவில் பலருக்குத் தெரியாதாம். திருச்சியில் ஒரு தந்தி குமாஸ்தாவுக்குத் தெரிந்திருந்தது.

தந்திக்காரன் காது வேறு மாதிரி. கட்டு, கட, கட்டு என்று வருவதில் எழுத்து மட்டும் இல்லை, ஆளும் இருப்பான். மறுமுனையில் யார் உட்கார்ந்திருக்கிறார், இன்றைக்கு அவருக்குக் கோபமா, தூக்கமா என்பதுகூட அவர் 'கை'யில் தெரியும். ஜாஸிலும் அப்படித்தான். பாட்டு ஒன்றுதான், ஆனால் வாசிக்கிறவர் மாறினால் எல்லாம் மாறும். நம் கச்சேரியில் ஒரே ராகத்தை ஆளுக்கொரு விதமாக ஆலாபனை செய்வதில்லையா?

இவளுக்கு அது பிடிக்கவில்லை. "பாத்திரக் கடையில யாரோ சண்டை போடறாப்பல இருக்கு" என்பாள். ஒருநாள் டேவ் புரூபெக் குழுவின் 'டேக் ஃபைவ்' ஓடிக்கொண்டிருந்தது. 1959-ல் வந்த இசைத்தட்டில் உள்ளது, இயற்றியவர் பால் டெஸ்மண்ட். அதன் ராயல்டியை அவர் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தால் இவள் மேடையில் விரலால் தட்டிக்கொண்டிருக்கிறாள். "இது அஞ்சுதாங்க. நம்ம கண்ட சாபு 'தக தகிட'. இவங்க திருப்பிப்போட்டு 'தகிட தக'ன்னு வாசிக்கிறாங்க." பத்து வருஷமாகக் கேட்டும் நான் எண்ணிப் பார்க்காத கணக்கு. சின்ன வயதில் நாலு வருஷம் பாட்டு கற்றவள் அவள்.

கடைசியாகச் செடிகள். அவை அவளுடையவை. பால்கனியிலும் ஹாலிலுமாக 22 தொட்டி: மணி பிளாண்ட், ஸ்நேக் பிளாண்ட், பெகோனியா, கற்பூரவல்லி, இன்னும் எனக்குப் பெயர் தெரியாதவை. காலையில் நான் பேப்பரை விரித்து உட்காரும்போது, அவள் ஒவ்வொரு தொட்டியிலும் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டே போவாள். நான் பேப்பருக்கு அந்தப் பக்கம்.

ஒரு வருஷம் கும்பகோணத்திலிருந்து அவள் தங்கை வந்தாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "என்னக்கா, வளையல் முழங்கைக்கு ஏறுது?" என்று கேட்டுவிட்டாள். தினமும் எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியவில்லை. டாக்டர், "ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது.

அதற்குப்பின் நான் செடிகளைக் கவனிக்கிறேன் பேர்வழி என்று காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். இலை வாடினால் இன்னொரு சொம்பு. இரண்டு மாதத்தில் ஒன்பது செத்தன. நர்சரிக்காரரிடம் ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் செடியைப் பிடுங்கி வேரைக் காட்டினார். கறுத்து, குழைந்து, நாற்றம் அடித்தது. "தண்ணி இல்லாம சாகலை சார், தண்ணியிலதான் செத்திருக்கு. குறைஞ்சாலும் வாடும், கூடினாலும் வாடும். இலையைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, மண்ணைத் தொட்டுப் பாருங்க" என்றார்.

அன்றிலிருந்து நானும் விரலை விடுகிறேன். மேல்மண் காய்ந்திருந்தால்தான் தண்ணீர். ஸ்நேக் பிளாண்ட் பதினைந்து நாள்கூடத் தாங்கும். மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயில் துளி சோப்புக் கரைசல் கலந்து, பஞ்சில் தொட்டுத் துடைக்கிறேன். மிச்சமிருந்த 13 தொட்டி, கிள்ளி வைத்ததில் 17 ஆகியிருக்கிறது. பேப்பரைச் செடிகளுக்கு அப்புறம்தான் எடுக்கிறேன்.

இதுதான் நான் நாள் முழுக்கச் செய்வது. பேப்பர், ஜாஸ், செடி என்று மூன்றாகத் தெரிந்தாலும் வேலை ஒன்றுதான். கொஞ்சம் நின்று கவனிப்பது. காலம் கடந்து கற்றேன் என்பது எனக்குத் தெரியும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. "வந்துடுங்களேன்" என்று இந்த மாதத்தில் மகன் கேட்பது இது மூன்றாவது முறை. எனக்காகத்தான் கேட்கிறான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அன்றைக்கு அவன் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. ஒரு பழைய தந்திக்காரன் அதைக் கோட்டைவிட்டிருக்கக் கூடாது.

இன்று புதன்கிழமை. ஞாயிறு வரை காத்திருக்கப் போவதில்லை. ராத்திரி அவன் ஆபீஸ் விட்டு வந்ததும் நானே போன் செய்து, "நீ எப்படிப்பா இருக்கே?" என்று கேட்டுவிட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருக்கப் போகிறேன்.