பிடிக்காம இருக்கக் காசு!

மீன் பிடிச்சா காசு வரும். இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. மீன் பிடிக்காம இருக்கிறதுக்குக் காசு கொடுத்த ஒரு மனுஷரைப் பற்றிப் படித்ததும், பி.காம். மூளைக்குள் மணியடித்தது. வீட்டில் சொன்னேன்.

"நீங்களும்தான் இத்தனை வருஷமா ஒரு மீன்கூடப் பிடிக்கலை. உங்களுக்கு யாரும் கொடுக்கலையே?" என்றாள் மனைவி.

கிண்டல் இருக்கட்டும். விஷயம் சீரியஸானது.

அட்லாண்டிக் சால்மன் ஆற்றில் பிறக்கும். கடலுக்குப் போய்க் கொழுக்கும். முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். பிரசவத்துக்குப் பொறந்த வீடு வர்ற பொண்ணு மாதிரி! ஸ்காட்லாந்து, அயர்லாந்து, கனடா ஆறுகளில் பிறந்த சால்மன்களில் பல, மேயப் போவது கிரீன்லாந்து கடலுக்கு.

தகராறே இங்கேதான். 'எங்க கடல்ல தின்னு வளர்ந்தது' என்கிறார் வலைக்காரர். 'எங்க ஆத்துல பிறந்தது' என்கிறார் தூண்டிலோடு காத்திருப்பவர். ரெண்டு பேர் சொல்றதும் நியாயம்தானே? 1971-ல் மேற்குக் கிரீன்லாந்துக் கடலில், பல நாட்டுப் படகுகளும் சேர்ந்து சுமார் 2,700 டன் அள்ளின. எது எந்த ஆற்று மீன் என்று வலைக்குத் தெரியுமா? ஓர் ஆற்றில் ஆயிரக்கணக்கில் இருக்கும்; இன்னொன்றில் விரல் விட்டு எண்ணலாம். வலைக்கு எல்லாம் ஒன்றுதான்!

ஐஸ்லாந்தில் ஓரி விக்ஃபுசன் என்று ஒரு ஓட்கா வியாபாரி. தூண்டில் பிரியர். வலையில் விழுந்த மீனுக்குக் கிலோ விலைதான் கிடைக்கும். தூண்டில் போட வருகிறவரோ லைசென்ஸ், ஹோட்டல், வழிகாட்டி என்று பர்ஸைக் காலி செய்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார். இதுதான் அவர் போட்ட கணக்கு. 1989-ல் வட அட்லாண்டிக் சால்மன் நிதியத்தைத் தொடங்கினார். வலைக்காரரிடம் போய் 'நிறுத்து' என்று சொல்லவில்லை. 'எவ்வளவு வேணும்?' என்று கேட்டார்!

1991-ல் ஃபேரோ தீவுகளோடு ஒப்பந்தம். 1993-ல் கிரீன்லாந்தோடு. அங்கே வீட்டுச் சமையலுக்குப் பிடிக்கிறதை மட்டும் விட்டுவைத்தார்கள். 2003-ல் வடகிழக்கு இங்கிலாந்தில் மிதக்கும் வலை போட்ட 68 பேரில் 52 பேர் ஒதுங்கிக்கொண்டார்கள். விலை, 34 லட்சம் பவுண்டு.

பணக்காரன் பொழுதுபோக்குக்காக ஏழை பொழப்பை விக்கணுமா? எனக்கும் இது உறுத்தியது. ஆனால் சட்டம் போட்டுத் தடுத்திருந்தால், வலைக்காரர் குற்றவாளியாகி வெறுங்கையோடு வீட்டுக்குப் போயிருப்பார். பார்ட்னர்ஷிப் கணக்கில் ஒரு விதி உண்டு. ஒரு பார்ட்னர் ரிட்டயர் ஆனால், குட்வில்லில் அவர் பங்கைக் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். அது தர்மம் இல்லீங்க, பாக்கி. வலைக்காரரும் ஒரு பங்குதாரர் என்று ஒப்புக்கொண்டாரே, விக்ஃபுசனிடம் எனக்குப் பிடித்தது அதுதான்.

சரி, மீன் பெருகியதா? அங்கேதான் இடிக்குது. 2006-க்கும் 2020-க்கும் இடையில் உலகத்தில் அட்லாண்டிக் சால்மன் 23 சதவீதம் குறைந்துவிட்டது. சூடேறும் கடல், ஆற்றை மறிக்கும் அணைகள், பண்ணை சால்மனிடமிருந்து தொற்றும் பேன்... வில்லன்கள் பலர். 2024 ஜூனில், நார்வே சீசன் நடுவிலேயே 33 ஆறுகளில் சால்மன் பிடிப்பதை நிறுத்தியது. விக்ஃபுசன் அதைப் பார்க்கவில்லை, 2017-லேயே காலமாகிவிட்டார்.

இப்போது முறை தூண்டில்காரருக்கு. பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அது போதாதென்றால், தூண்டிலைச் சுவரில் மாட்டவும் அவர் தயாராக வேண்டும். அணை கட்டுகிறவரோடும் பண்ணை வைப்பவரோடும் சண்டை போடவும்தான்.

போன பார்ட்னருக்கு செக் கொடுத்ததோடு கணக்கு முடிவதில்லை. இருக்கிற பார்ட்னர் கம்பெனியை மூழ்கடித்துவிட்டால், போனவர் எதுக்காகப் போனார்?