இரண்டு முறை உதித்த சூரியன்!

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் இருக்கிறது பெர்த் நகரம். இலங்கையின் தென்மேற்குக் கரையில் இருக்கிறது காலி. இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று நினைக்கிறீர்கள்? 5,600 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். இன்றைய ஜெட் விமானத்துக்கு இது சுமார் ஏழு மணி நேர வேலை. சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் தீர்ந்தது. ஆனால் 1943-ல் இதே தூரத்தைக் கடக்க ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்தும் போதவில்லை, ஐயா!

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அத்துடன் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இருந்த ஆகாய மார்க்கம் அறுந்தது. அறுந்த கயிற்றை முடிச்சுப் போட முன்வந்தது குவாண்டாஸ் கம்பெனி. 1943-ல், 'காட்டலினா' என்ற கடல் விமானங்கள் பறக்கத் தொடங்கின. அந்தப் பக்கம் ஸ்வான் ஆற்றில் கிளம்பும். இந்தப் பக்கம் காலிக்கு அருகே கொக்கல ஏரியில் வந்து இறங்கும்.

வேகம் மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர்தான். அவ்வளவு தூரத்துக்கும் வேண்டிய பெட்ரோலை வழியில் யார் கொடுப்பார்கள்? எல்லாவற்றையும் கிளம்பும்போதே சுமந்தாக வேண்டும். ஆகவே பிரயாணிகள் மூன்றே பேர்; தபால் 69 கிலோ! கடிதங்களைக்கூடச் சின்னஞ்சிறு படச்சுருளாக்கித்தான் அனுப்பினார்கள்.

விமானத்தில் ஒரு துப்பாக்கி கிடையாது. ஜப்பானியர் நடமாடும் பகுதியை இருட்டில் கடக்கும்படி நேரம் பார்த்துப் புறப்படுவார்கள். ரேடியோவில் வாயைத் திறந்தால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும். அதனால் வழி கேட்க நட்சத்திரங்களைத் தவிர வேறு நாதியில்லை. விமானங்கள் ஐந்துக்கும் நட்சத்திரப் பெயர்களையே சூட்டியிருந்தார்கள். அவற்றில் ஆல்டேர் என்பது நம் திருவோணம். ஸ்பைகா என்பது சித்திரை. அன்டாரெஸ் என்பது கேட்டை. கேட்டையில் பிரயாணமா என்று நம் பாட்டிமார்கள் பதறியிருப்பார்கள்! அந்தக் கேட்டையும் பத்திரமாகவே போய்ப் போய் வந்தது.

வழக்கமாக 27 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மிக நீண்ட பிரயாணம் 32 மணி 9 நிமிஷம் என்று கணக்கில் இருக்கிறது. ஒரே பிரயாணத்தில் சூரியன் இரண்டு தடவை உதிப்பதைக் காண்பார்கள். இதற்காகப் பிரயாணிகளுக்கு 'இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்கம்' என்று ஓர் அத்தாட்சிப் பத்திரமும் உண்டு. முப்பது மணி நேரம் எஞ்சின் இரைச்சலில் காது அடைத்தவருக்கு ஒரு காகிதமாவது கிடைக்க வேண்டாமா?

1945 ஜூலை வரை 271 தடவை இப்படிக் கடலைத் தாண்டினார்கள். ஒரு விமானம்கூடத் தொலையவில்லை. பிற்பாடுதான் வேடிக்கை! அந்த விமானங்கள் அமெரிக்காவிடம் இரவல் வாங்கியவை. யுத்தம் முடிந்தபின் இரவல் ஒப்பந்தப்படி அவற்றை வைத்துக்கொள்ள முடியவில்லை. ஆகவே அத்தனை தடவை விழாமல் தாண்டிய விமானங்களை, ஆஸ்திரேலியாவுக்கு அருகே கடலிலேயே மூழ்கடித்துவிட்டார்கள்.