எந்தத் தண்ணிக்கு எந்த மெஷின்?

மிக்ஸி ரிப்பேர் என்று சொல்லிப் பாருங்கள், பக்கத்து வீட்டிலிருந்து மூன்று யோசனை வரும். கிரைண்டர் ஓடவில்லை என்றால் ஒரு சட்டி மாவே வரும். காபி மெஷின் ரிப்பேர் என்று கோவில்பட்டியில் சொன்னால் சிரிப்புதான் வரும். ''அதான் ஃபில்டர் இருக்குல்லா, பெறகென்ன?'' என்பார்கள்.

கேள்வி நியாயமானதுதான். கம்பும் சோளமும் பருத்தியும் விளைகிற கரிசல் பூமி இது. விடியலில் நீச்சத்தண்ணி குடித்துவிட்டுக் காட்டுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். எங்களுக்கு எதற்கு எஸ்பிரஸோ மெஷின்? அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால், என் அப்பாவைப் பற்றி நீங்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்பாவுக்கு 78 வயது. மில்லில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். காலை ஷிஃப்ட்டுக்குப் போன உடம்பு, இன்றும் நாலு மணிக்கு விழித்துக்கொள்ளும். விழித்த கையோடு காபி வேண்டும். அம்மா இருந்தவரை கவலை இல்லை. ராத்திரியே ஃபில்டரில் டிகாக்‌ஷன் கள்ளிச்சொட்டு மாதிரி இறங்கி நிற்கும். அம்மா போன பிறகு, அந்த நேரத்தில் மருமகளை எழுப்பக் கூடாது என்பதில் அப்பாவுக்கு ஒரு வைராக்கியம். ''நீங்களே ஃபில்டர்ல போட்டுக்கலாமேப்பா'' என்றால், காது கேட்காத மாதிரி பேப்பரைப் பிரித்துக்கொள்வார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஒரு தீபாவளிக்கு அந்த மெஷினைக் கொண்டுவந்து இறக்கினான். பட்டாசைவிட அதற்குத்தான் கூட்டம். அப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: ''பிரஷர் எவ்வளவுடா வரும்?''

அந்தக் கேள்வியில்தான் எஸ்பிரஸோவின் மொத்த ரகசியமும் இருக்கிறது. நம்ம ஊர் ஃபில்டரில் தண்ணீர் தன் பாரத்தில் தானே இறங்குகிறது. எஸ்பிரஸோவில் 90 டிகிரியைக் கொஞ்சம் தாண்டிய வெந்நீரை, சுமார் ஒன்பது பார் அழுத்தத்தில், நெருக்கி அமுக்கிய காபித்தூளுக்குள் தள்ளுகிறார்கள். ஒன்பது பார் என்றால், கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல நாலு மடங்கு. வேலை 25, 30 விநாடியில் முடிந்துவிடும். இத்தாலியில் லூய்ஜி பெசேரா 1901-ல் இதற்கான மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். அது நீராவியின் வேலை, அழுத்தம் குறைவு. மேலே பொன்நிறத்தில் நுரை கட்டுகிற இன்றைய எஸ்பிரஸோவுக்கு வழி திறந்தவர் அக்கில்லே காஜ்ஜா. அவருடைய காப்புரிமை 1938. கையால் நெம்புகோலை இழுக்கிற வேலையை 1961-ல் ஃபேமா கம்பெனியின் ஈ-61 என்ற மெஷின் மின்சார பம்ப்பிடம் ஒப்படைத்தது.

நம் கல்யாண மண்டபத்தில் புஸ்ஸென்று சத்தம் போட்டு, நுரைக்கு மேல் சாக்லேட் பொடி தூவித் தருகிறார்களே 'எக்ஸ்பிரஸோ', அது வேறு. அது இன்ஸ்டன்ட் தூளும் நீராவியில் பொங்கிய பாலும். ருசியில் குறை சொல்ல மாட்டேன், பெயர்தான் இரவல்.

அப்பா இரண்டே நாளில் மெஷினைக் கைக்குள் கொண்டுவந்துவிட்டார். நாலரை மணிக்கு அடுப்படியில் 'டுர்ர்' என்று சத்தம் கேட்கும். பிறகு டம்ளர் வைக்கிற சத்தம். மூன்று வருஷம் அதுதான் எங்கள் வீட்டுக் கோழி கூவல்.

போன வருஷம் ஒருநாள் சத்தம் வந்தது, காபி வரவில்லை.

கம்பெனிக்கு போன் செய்தால், உங்கள் ஏரியாவில் சர்வீஸ் இல்லை, கூரியரில் அனுப்புங்கள் என்றார்கள். எத்தனை நாள் ஆகும் என்பதற்குப் பதிலாக ஒரு பாட்டு கேட்டது. இதற்கிடையில் அப்பா ஒரு வேலை செய்தார். நாலரை மணி இருட்டில், மெயின் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கத்து டீக்கடைக்குப் போக ஆரம்பித்தார். ஒரு கண்ணில் புரை, ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தது. அந்த நேரத்தில் லாரிகள் எந்த வேகத்தில் போகும் என்று ரோட்டோரத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். ''அப்படியே ஒரு நடை நடந்தாப்ல ஆச்சு'' என்பார். காபி மெஷின் எங்களுக்கு அவசர விஷயமானது இப்படித்தான்.

மூன்றாம் நாள் அப்பாவே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். பழைய பேப்பரை விரித்து, கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் வரிசையாக வைத்தார். உள்ளே, தண்ணீரைச் சுட வைக்கிற குழாயின் வாயில் வெள்ளை வெளேரென்று அடைப்பு. நகத்தால் சுரண்டினால் பொடி உதிர்ந்தது.

''இது காபி நோவு இல்ல எய்யா, பாய்லர் நோவு'' என்றார். ''எங்க மில்லுல பாய்லருக்கு ஒரு தண்ணி, மனுசனுக்கு ஒரு தண்ணி. தண்ணியப் பக்குவம் பண்ணாம பாய்லர்ல விடவே மாட்டாங்க.''

விஷயம் எளிதுதான். பூமிக்குள் இருந்து வரும் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். சூடேறும்போது கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். வெந்நீர்ப் பானையின் அடியில் நீங்கள் பார்த்திருப்பீர்களே, அதே உப்புதான். பானைக்கு வாய் பெரிசு, தேய்த்துக் கழுவலாம். மெஷினின் குழாய் ஈர்க்குச்சி கனம்கூட இருக்காது.

டிடிஎஸ் மீட்டர் என்று பேனா மாதிரி ஒன்று கிடைக்கிறது. வாங்கி வந்து எங்கள் போர் தண்ணீரில் முக்கினேன். ஆயிரத்தைத் தாண்டியது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் 500 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. மெஷினுக்கு இந்தத் தாராள மனசெல்லாம் கிடையாது. காபி நிபுணர்கள் சொல்கிற கணக்கு 150-ஐ ஒட்டித்தான். மீட்டர் எல்லா உப்பையும் சேர்த்துத்தான் காட்டும், கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது. ஆனாலும் ஆபத்து எங்கே என்று தெரிந்துகொள்ள இதுவே போதும்.

அடுத்து, குழாயில் வந்த தாமிரபரணித் தண்ணீரில் முக்கினேன். போர் தண்ணீரில் பாதிகூட இல்லை. சீவலப்பேரியிலிருந்து எங்கள் ஊருக்கு வருகிற தண்ணீர் அது. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் ருசிக்குச் சொல்லப்படுகிற காரணங்களில் கரிசல் மண்ணின் கடலையோடு இந்தத் தண்ணீரும் ஒன்று. மிட்டாய்க்கு ஆகிற தண்ணீர் மெஷினுக்கும் ஆகும். ஆனால் அது தினமும் வருவதில்லை. வராத நாளில் போர்தான்.

அப்படியானால் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றினால் என்ன என்று கேட்பீர்கள். அதிலும் இரண்டு சங்கடம். உப்பு ரொம்பக் குறைந்தால் காபி சப்பென்று இருக்கும். தண்ணீரில் மின்சாரம் கடப்பதை வைத்துத்தான் சில மெஷின்களின் சென்சார் மட்டம் பார்க்கிறது. உப்பே இல்லாவிட்டால், தண்ணீர் இருந்தும் இல்லை என்று அடம்பிடிக்கும். இரண்டாவது சங்கடம், ஒரு லிட்டர் எடுக்க வீட்டு ஆர்.ஓ. இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுவது. குடத்துக்குக் காத்திருந்து பழகிய ஊரில் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. பிடித்து வைத்துத் தரை துடைக்கத்தான் வேண்டும்.

பழைய மெஷினின் அந்தப் பாகம் தனியாகக் கிடைக்காது என்று தெரிந்தபின், புதுசு தேட ஆரம்பித்தோம். நீங்களும் தேடுகிறவராக இருந்தால் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பெட்டியின் மேல் 15 பார், 20 பார் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். மயங்க வேண்டாம். அது பம்ப் முக்கினால் வரக்கூடிய உச்சம். காபிக்கு ஒன்பது போதும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவருகிறேன் என்றால் அன்போடு மறுத்துவிடுங்கள். அங்கே 120 வோல்ட். மாற்ற டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் அங்கத்திய 60 சைக்கிள் இங்கே 50 ஆகவே இருக்கும், அந்தச் சின்ன பம்ப்புக்கு அது ஒத்துவராது. கேப்ஸ்யூல் மெஷின் சுலபம்தான், பட்டனைத் தட்டினால் போதும். ஆனால் ஒவ்வொரு வாய் காபியும் கூரியரில் வர வேண்டும்.

கரண்டே வேண்டாம் என்றால் கையால் அழுத்துகிற லீவர் வகை இருக்கிறது. ரிப்பேருக்கு உள்ளே ஒன்றுமே இல்லை. ஆனால் நல்ல கைபலம் வேண்டும். அப்பாவின் மணிக்கட்டு அதற்கு ஆகாது. அடுப்பில் வைக்கிற மோக்கா பாட் 1933-ல் அல்ஃபோன்சோ பியலெட்டி இத்தாலியில் கொண்டுவந்தது. விலை குறைவு, ஆயுசு கெட்டி. எஸ்பிரஸோ அழுத்தம் வராது என்றாலும், பால் ஊற்றிக் குடிக்கிற நமக்குத் திடமான டிகாக்‌ஷன் தரும். அதன் இரண்டு பாதியையும் இறுக்கித் திருக வேண்டும், ஆறியதும் மறுபடி திருகிக் கழற்ற வேண்டும். மறுபடியும் மணிக்கட்டு.

தூள் விஷயம் ஒன்று. அப்பாவுக்குச் சிக்கரி இல்லாமல் காபி இல்லை. சிக்கரி தண்ணீரில் கரைந்து பிசுபிசுக்கும், எஸ்பிரஸோ மெஷினில் ஓட்டத்தை மட்டுப்படுத்தும். கடையில் சொல்லி சிக்கரியைக் குறைத்துக்கொள்ளலாம். வீட்டில் தனி கிரைண்டர் இல்லாதவர்கள் 'டபுள் வால்' என்கிற இரட்டை அடி ஜல்லடை உள்ள மெஷினாகப் பார்த்து வாங்குங்கள். கடையில் அரைத்த தூளையும் அது மன்னித்துவிடும்.

கடைசியில் நான் சொன்னேன்: ''அப்பா, இவ்வளவு கஷ்டம் எதுக்கு? அம்மாவோட பித்தளை ஃபில்டர் பரண்ல இருக்கு. உப்புத் தண்ணிக்கும் அது அசையாது, கரண்டும் வேண்டாம், ரிப்பேரும் கெடையாது.''

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கரிசல் காட்டுக்கு அதைவிடப் பொருத்தமான காபி மெஷினை எந்த இத்தாலிக்காரனும் செய்யவில்லை.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: ''அது உங்கம்மா கை எய்யா. அவ போட்டது மாதிரி எனக்கு வராது. வராதத தெனமும் காலைல குடிச்சிக்கிட்டு இருக்க முடியாதுல்லா. மெசின் காபி வேற. அது யாரு மாதிரியும் இல்ல.''

மருமகளை எழுப்பக் கூடாது என்ற வைராக்கியத்துக்குப் பின்னால் இருந்தது இதுதான். நான் அதற்குமேல் ஃபில்டர் பேச்சை எடுக்கவில்லை.

மெஷினை அப்பாதான் தேர்ந்தெடுத்தார். மதுரையில் ஒரு கடையில் ஆறு மெஷின் வரிசையாக நின்றது. விற்பனைப் பையன் தொடுதிரையைக் காட்டினான், விளக்கு எரிவதைக் காட்டினான். அப்பா ஒவ்வொன்றையும் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், தலைகீழாக்கி அடிப்பக்கம் பார்த்தார். ''இதோட கேஸ்கட் தனியா கெடைக்குமா தம்பி? இத எந்த ஸ்பேனர்ல கழத்தணும்?'' பையன் மேனேஜரைக் கூப்பிட்டான். கடைசியில் பார்வைக்கு மிகச் சாதாரணமான ஒன்றைத் தொட்டார். மூன்று சுவிட்ச், ஒரு ஆவிக்குழாய், உலோகத்தில் பாய்லர், அடியில் சாதாரண ஸ்க்ரூ. திரை இல்லை, பாட்டு இல்லை. மில்லும் தீப்பெட்டி ஆபீஸும் வளர்த்த ஊர் எங்களுடையது, லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. திறக்க முடிகிற பொருளாக இருந்தால் போதும், பிழைக்க வைக்க ஒரு கை கிடைத்துவிடும்.

இப்போது அடுப்படியில் ஒரு எவர்சில்வர் குடம் தனியாக நிற்கிறது. 'மெசினுக்கு மட்டும்' என்று அப்பா ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறார். ஆற்றுத் தண்ணீர் வரும் நாளில் அது நிறையும். தீர்ந்துவிட்டால் ஆர்.ஓ. தண்ணீரில் கொஞ்சம் போர் தண்ணீர் கலந்து, மீட்டரை முக்கி, 150 பக்கம் வந்ததும் தலையாட்டுவார். சிட்ரிக் ஆசிட் கரைசலை ஓட்டிக் குழாயைச் சுத்தம் செய்ய, காலண்டரில் சிவப்பு மையில் தேதி போட்டிருக்கிறார். அளவு மெஷினோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது, நீங்களும் உங்கள் புத்தகத்தைப் பார்த்தே செய்யுங்கள். வினிகர் வேண்டாம், வாசனை லேசில் போகாது.

புது மெஷின் வாங்கப் போகிறவர்கள் கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டுத் தண்ணீரை அளந்துவிடுங்கள். அதில் காபி போடப்போகிற கை யாருடையது என்று பாருங்கள். கடையில் எத்தனை பார் என்று கேட்பதைவிட, கேஸ்கட் தேய்ந்தால் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் அடுத்த மெஷினுக்கு நகருங்கள்.

அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் சில நாள் வெளியே அலையக் கூடாது என்றார். ''நான் எங்க அலையப் போறேன்?'' என்றார் அப்பா. எதிர்ப்பக்கத்து டீக்கடைக்காரர்தான் ஒருநாள் என்னிடம் கேட்டார், ''பெரியவரைக் காணோமே, சொகந்தானா?''

சுகம்தான். நாலரை மணிக்கு அடுப்படியில் மறுபடியும் 'டுர்ர்' என்கிறது.