செஸ்ட் எவ்வளவு, சாமி?

மக்களே, முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடறேன். ஃபர்ஸ்ட் ரிவ்யூல நான் ஒரு பொய் சொன்னேன்.

என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஒரு சின்ன சாஃப்ட்வேர். மார்பு அளவை மட்டும் கொடுத்தா போதும். டி-ஷர்ட்டோட கழுத்து, தோள், கை எல்லாத்தையும் அதுவே கணக்குப் போட்டு பேட்டர்ன் வரைஞ்சு தரும். பேனல்ல இருந்த ஒரு சார் கேட்டார்: "இந்த ஃபார்முலா எங்க எடுத்தீங்க?" நான் யோசிக்கவே இல்லை. "ஆன்லைன்ல சார்"னு சொல்லிட்டேன்.

ஆன்லைன் எல்லாம் இல்லைங்க. எங்க அப்பாகிட்ட எடுத்தது. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில அவர் கட்டிங் மாஸ்டர். எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. தெரிஞ்சவங்க யாராவது துணியோட வந்தா "செஸ்ட் எவ்வளவு, சாமி?"னு மட்டும் கேட்பார். மீதி அளவெல்லாம் சாக்பீஸ் நுனில தானா வந்துடும். சின்ன வயசுல இருந்து நான் பார்த்த கை அது. ஆனா இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல் டைரில 'அப்பாவின் தொழில்'ங்கிற கட்டத்துல நான் எழுதினது 'டெக்ஸ்டைல்ஸ்'. அது முழுப் பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. ரிவ்யூல வாயில வந்ததும் அதே பழக்கம்தான்.

சொன்ன பொய்யை உண்மையாக்கிடலாம்னு அன்னிக்கு ராத்திரி நிஜமாவே ஆன்லைன்ல தேட உக்காந்தேன். அப்படிக் கிடைச்சவங்கதான் எலிசபெத் ஸிம்மர்மன்.

1910ல இங்கிலாந்துல பிறந்தவங்க. ஓவியம் படிக்க சுவிட்சர்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் போனாங்க. கணவர் அர்னால்ட் ஜெர்மன்காரர், பீர் தயாரிக்கிற தொழில்ல இருந்தவர். ஹிட்லர் ஆட்சில அங்க இருக்க முடியாம 1937ல ரெண்டு பேரும் அமெரிக்கா போயிட்டாங்க. பின்னாடி விஸ்கான்சின் மாநிலத்துல ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடமே அவங்க வீடாச்சு. மூணு பிள்ளைங்களை வளர்த்துக்கிட்டே பின்னலாடை டிசைன் பண்ணினாங்க. கணவரோட பைக்ல பின் சீட்டுல உக்காந்துகிட்டே ஸ்வெட்டர் பின்னுவாங்களாம்!

ஷெட்லாந்து, நார்வே, அயர்லாந்து பக்கத்துப் பழைய ஸ்வெட்டர்கள்தான் அவங்களுக்குப் பெரிய இன்ஸ்பிரேஷன். அதையெல்லாம் அப்படியே காப்பி அடிக்கலை. உள்ள இருக்கிற கணக்கைத் தோண்டி எடுத்தாங்க. உதாரணத்துக்கு இதைப் பாருங்க. உங்க பின்னல்ல ஒரு இஞ்சுக்கு 5 கண்ணி வருது, உடம்புச் சுற்றளவு 40 இஞ்ச்னு வைங்க. மொத்தம் 200 கண்ணி. அதுதான் 100 சதவீதம். மணிக்கட்டுக்கு அதுல 20 சதவீதம், அதாவது 40 கண்ணி. மேல்கைக்கு 33 சதவீதம், 66 கண்ணி. கழுத்துக்கு 40 சதவீதம், 80 கண்ணி. நூல் மாறினாலும் ஆள் மாறினாலும் இந்த விகிதம் ஓடும். படிச்சதும் எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. இது எங்க அப்பாவோட சாக்பீஸ்!

இன்னொண்ணு, 'பை ஷால்'. நம்ம கணக்கு 'பை'தான். வட்டத்தோட ஆரம் ரெண்டு மடங்கானா சுற்றளவும் ரெண்டு மடங்காகும், ஸ்கூல்ல படிச்சதுதானே? அதை வச்சு ஒரு சால்வையே பண்ணிட்டாங்க. 9 கண்ணில ஆரம்பம். அப்புறம் 18, 36, 72, 144னு இரட்டிப்பு. நடுவுல 3 சுற்று, 6 சுற்று, 12 சுற்று, 24 சுற்றுன்னு சும்மா பின்னிட்டே போகலாம். வட்டம் தானா தட்டையா உக்காரும். நாம அந்த ஃபார்முலாவை மார்க்குக்காகப் படிச்சோம். அவங்க அதைத் தோள்ல போட்டுக்கிட்டாங்க.

ஸ்வெட்டரை முன்பக்கம், பின்பக்கம்னு தனித்தனியா பின்னி ஒட்டுத் தைக்கிறது அவங்களுக்குப் பிடிக்காது. குழாய் மாதிரி சுத்திச் சுத்திப் பின்னணும். நம்ம ஊர் வட்ட நிட்டிங் மெஷின்ல துணி குழாயா இறங்குமே, அதே மாதிரி. ஒரு பத்திரிகை அவங்க டிசைனை வாங்கி, செய்முறையைத் தனித்தனித் துண்டா மாத்திப் போட்டுடுச்சு. சரி, இனி நானே எழுதிக்கறேன்னு 1958ல சொந்தமா ஒரு நியூஸ்லெட்டர் ஆரம்பிச்சாங்க. 1971ல முதல் புத்தகம் வந்துச்சு. 1999ல இறந்தாங்க. அவங்க பேச்சு ஒண்ணுதான்: செய்முறையைக் கண்ணை மூடிட்டு ஃபாலோ பண்ணாதீங்க, ஏன்னு புரிஞ்சுக்கிட்டுப் பின்னுங்க.

என்னைத் தூங்க விடாதது அவங்க உருவாக்கின ஒரு வார்த்தை. தன்னோட உத்திகளை 'இன்வென்ட்' பண்ணினேன்னு சொல்ல மாட்டாங்க. 'அன்வென்ட்' பண்ணினேன்னுதான் சொல்வாங்க. இதை எனக்கு முன்னாடி எங்கேயோ யாரோ பின்னியிருப்பாங்க, நான் மறுபடி தோண்டி எடுத்தேன், அவ்வளவுதான்னு அர்த்தம். முகம் தெரியாத யாருக்கோ அவங்க கிரெடிட் குடுத்தாங்க. எனக்கு முகம் நல்லாவே தெரியும். பக்கத்து ரூம்ல குறட்டை விட்டுட்டு இருந்துச்சு.

காலைல அப்பாகிட்ட அந்த சதவீதத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"அந்தம்மா கணக்கு சரிதான். பீஸ் போட்டுப் பாக்கச் சொல்லுதா?"

"முதல்ல சின்னதா ஒண்ணு பின்னி அளந்து பாக்கச் சொல்றாங்கப்பா."

"அப்ப சரி. பீஸ் பாக்காம லாட்டு வெட்டுனா துணிதான் வீணாப் போகும்."

அதுக்கப்புறம்தான் ரிவ்யூல நடந்ததைச் சொன்னேன். திட்டுவார்னு நினைச்சேன். டீயைக் குடிச்சு முடிச்சார். "எங்கிட்டக் கேட்டதைச் சொல்றதுக்கு என்ன சாமி கூச்சம்?"னு கேட்டுட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிட்டார். திட்டியிருந்தாக்கூடப் பரவால்லைன்னு தோணுச்சு.

அடுத்த வாரம் செகண்ட் ரிவ்யூ. 'சோர்ஸ்'ங்கிற ஸ்லைடை மாத்திட்டேன். ரெண்டு பேர் இருக்கு. கீழ எலிசபெத் ஸிம்மர்மன். மேல அப்பா பேரு, பக்கத்துல 'கட்டிங் மாஸ்டர், திருப்பூர்'. பேனல்ல யாராவது சிரிக்கலாம், மார்க்கும் குறையலாம். உங்க ப்ராஜெக்ட்ல அப்படி விட்டுப்போன பேர் ஏதாவது இருக்கான்னு நீங்களும் ஒரு தடவை பாத்துக்கோங்க. சப்மிஷனுக்கு இன்னும் டைம் இருக்கு.